சைலன்சரில் கட்டிய வலைநூல்

என் மகன் வாங்கியபோது அது மற்ற கார்களைப் போலத்தான் இருந்தது. பழைய கார், ஆனால் நான்கு சக்கரத்தின் மேல் ஒழுங்காக நின்றது. இரண்டு மாதம் கழித்து அதைச் சென்னைக்கு ஓட்டிப்போய், ஸ்பிரிங்குகளை அறுத்து, அடிவயிறு தரையைத் தடவுகிற மாதிரி இறக்கிக்கொண்டு வந்தான். நல்ல வண்டியைக் காசு கொடுத்து முடமாக்கிக்கொண்டு வருகிறவனை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"இப்பதான் நைனா கெத்தா கீது" என்றான்.

பழவேற்காட்டுச் சாலையில் ஒவ்வொரு குப்பத்துக்கும் ஒரு வேகத்தடை உண்டு. அரசாங்கம் போட்டதல்ல. ஊர்க்காரர்களே கிளிஞ்சலையும் சிமெண்டையும் குழைத்து எழுப்பியது. எந்த ஊரில் குழந்தை அடிபட்டதோ அந்த ஊரின் தடை அவர்களுடைய கோபத்தின் உயரத்துக்கு இருக்கும். அத்தனை தடையிலும் அந்தக் காரின் சைலன்சர் உரசும். 'கர்ர்ர்' என்ற அந்தச் சத்தம் ஏரிக்கரை வரைக்கும் கேட்கும். கேட்டதும் என் பல் கூசும். டீக்கடையில் யாராவது ஒருவன் சொல்வான்: "வாத்தியாரே, உங்க புள்ள படகு தரை தட்டிடுச்சு. போய்த் தள்ளிவுடு."

என் கோபம் காரின் மேல் மட்டும் என்று அப்போது சொல்லிக்கொண்டேன். அது பொய். தெற்கே காட்டுப்பள்ளிப் பக்கம் துறைமுகத்தில் ஒரு ஒப்பந்தக்காரரிடம் அவன் தற்காலிக வேலையில் இருந்தான். எங்கள் ஊர் அந்தத் துறைமுக விரிவாக்கத்தை எதிர்த்துப் பந்தல் போட்டு உட்கார்ந்திருந்தது. ஊருக்காக மனு எழுதியவன் நான். "மனு எழுதறது அப்பன், கிரேன் ஏர்றது புள்ள" என்று பந்தலிலேயே என் காதுபடச் சொன்னார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த மனுவை எழுதினேன். வீட்டுக்கு வந்து அவனிடம் காரைப் பற்றிக் கத்தினேன். வேலையைப் பற்றிக் கத்த எனக்கு வாய் இல்லை. என் அப்பா ஏரியில் இறங்கி இறாலைக் கையால் தடவிப் பிடித்து என்னைப் படிக்கவைத்தார். நான் தண்ணீரில் இறங்காமல் அறிவியல் வாத்தியார் ஆனேன். என் மகன் மட்டும் ஏன் இறங்க வேண்டும்?

அந்த மாதம் அவனுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. கிரேன் ஓட்டுநராக நிரந்தர வேலை. வியாழக்கிழமை கிரேனில் ஏற்றி, விசைக்கோல்களைப் பிடிக்கவைத்து, கை எப்படி நிற்கிறது என்று பார்ப்பார்கள். அதில் தேறினால் ஆயுசுக்கும் கவலை இல்லை. ஷிஃப்ட் நேரத்துக்கு எங்கள் பக்கம் பஸ் கிடையாது. கார் இல்லாவிட்டால் வேலை இல்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். மறுபடியும் எழுதுகிறேன்: எனக்கு எல்லாம் தெரியும்.

வியாழனுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, சைலன்சர் உண்மையிலேயே உடைந்தது. பக்கத்து ஊர்த் தடையில் ஏறி இறங்கியதில் பைப்பைத் தாங்கும் ரப்பர் அறுந்துபோய், முன்பக்க இணைப்பில் வெடிப்பும் விட்டிருந்தது. டீசல் போட் மாதிரி இரைந்துகொண்டு வந்து சேர்ந்தான். எங்கள் சந்துக்குள் மணல். அந்தக் கார் அதில் வராது. வழக்கம்போல டச்சுக் கல்லறைச் சுவர் ஓரம் நிறுத்தினான். ஜாக்கி உள்ளே நுழைய இடமில்லாததால் நாலு பேரைக் கூப்பிட்டுக் காரின் ஒரு பக்கத்தைத் தூக்கவைத்து, உடைந்துபோன கட்டுமரத்தின் கட்டைகளை அடியில் செருகினான். தூக்க வந்தவர்கள் சிரித்தார்கள். நானும் அவர்கள் முன்னால் சிரித்துக் காட்டினேன்.

அவன் கிளிஞ்சல் தரையில் முதுகை வைத்துப் படுத்து உள்ளே நகர்ந்தான். துருப்பிடித்த நட்டுகளுக்கு மண்ணெண்ணெய் விட்டான். வெடிப்பின் மேல் பசை தடவி, பால்பவுடர் டப்பாவின் தகரத்தை வெட்டிச் சுற்றி, இரண்டு கிளாம்ப் போட்டு முறுக்கினான். பொறுமையாகத்தான் செய்தான். என் வகுப்பில் உட்கார்ந்திருந்தபோது இந்தப் பொறுமையில் பாதி இருந்திருந்தால் என்று நினைத்தேன். அதையே சத்தமாகவும் சொன்னேன்.

"நைனா, சும்மா இரு. நீ திட்டத் திட்டக் கை நடுங்குது" என்றான் உள்ளேயிருந்து. பிறகு வெளியே வந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "வெடிப்பு ரெண்டு நாள் தாங்கும். செவ்வாக்கெழமை லீவு, பொன்னேரி போய் வெல்டிங் வெச்சிடறேன். அதுவரைக்கும் ரப்பர் இருந்த எடத்துல கட்டுக்கம்பி போட்டுத் தூக்கிக் கட்டணும். பஜார்ல கம்பி வாங்கினு வந்து நீயே கட்டிடேன். எனக்கு இப்ப ஷிஃப்ட்டு. கூட வேலை செய்யறவன் பைக்ல வந்து நிக்கறான்."

நான் பஜாருக்குப் போகவில்லை.

வீட்டுக்குப் போய்க் கூரை இறப்பில் செருகியிருந்த நைலான் வலைநூல் கண்டை எடுத்துக்கொண்டு வந்தேன். எங்கள் குப்பத்தில் கதவுக் கொண்டி முதல் சைக்கிள் கூடை வரை எல்லாவற்றையும் கட்டுவது அந்த நூல்தான். யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். காரின் அடியில் கையை விட்டு, மேலே உள்ள கொக்கிக்கும் பைப்புக்கும் பல சுற்றுச் சுற்றி, இறுக்கி முடிச்சுப் போட்டேன். பிறகு ஒன்று செய்தேன். இதை எழுதத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

நைலான் முடிச்சு வழுக்கும். அதனால் எங்கள் ஊரில் முடிச்சுப் போட்டதும் நூலின் நுனியைத் தீயில் காட்டுவார்கள். நுனி உருகி ஒரு கறுப்பு மணியாக இறுகிவிடும். பிறகு முடிச்சு அவிழாது. ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த பழக்கம். என் கையும் பழக்கத்தில் சட்டைப்பையில் இருந்த தீப்பெட்டியை எடுத்துக் குச்சியைக் கிழித்தது. என் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி அந்த நூல் உருகுவதைப் பார்த்தேன். ஒரு தீக்குச்சிக்கே உருகுகிறது. பக்கத்தில் இருப்பது சைலன்சர் பைப். அதில் வெடிப்பு வேறு. பார்த்தேன், குச்சியை ஊதி அணைத்தேன், எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

"கம்பி போட்டியா நைனா?" என்று ராத்திரிச் சோற்றின்போது கேட்டான்.

"போட்டாச்சு" என்றேன்.

யாரும் அடிபட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அந்தச் சனியன் நடு ரோட்டில், ஊர் பார்க்க, குடலைத் தள்ளிக்கொண்டு நிற்க வேண்டும். அவன் வெட்கப்பட்டு அதை விற்றுத் தொலைக்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. இதைச் சொல்வதால் என் குற்றம் குறைகிறது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மறுநாள் காலையில் அவன் ஆள் வைத்துக் கட்டைகளை எடுத்துவிட்டுக் காரைக் கிளப்பி, பசை பிடித்திருக்கிறதா என்று கொஞ்ச நேரம் இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தான். நான் முன்னாலேயே போய் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டேன். வேடிக்கை பார்க்கத்தான். அன்றைக்குச் சாலையின் குறுக்கே நண்டு வலை காய்ந்துகொண்டிருந்தது. வலைக்காரன் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். பாதியில் நின்று ஏரிக்குப் போனவன். சாலையில் காயும் வலை மேல் வண்டிகள் மெதுவாக ஏறிப் போகலாம், நிற்கக் கூடாது, திருப்பக் கூடாது. இது இங்கே பஸ் டிரைவருக்கும் தெரிந்த முறை. சக்கரம் வலையை ஒன்றும் செய்யாது.

என் மகனும் மெதுவாகத்தான் வந்தான். கார் வலையின் நடுவில் இருந்தபோது பைப் விழுந்தது. விழுந்த முனை வலையைக் குத்தி வாரி எடுத்துக்கொண்டு தாரைக் கிழித்தது. வலைக்காரன் "ஐயோ என் வல, என் வல!" என்று ஓடி வந்தான். கார் நின்றது. நைலான் வலை பைப்பில் ஒட்டிப் புகைய ஆரம்பித்தது. என் மகன் கதவைத் திறந்து குதித்துத் தரையோடு தரையாகப் படுத்து, அந்த மனிதனின் வலையைக் காப்பாற்ற வலது கையால் அள்ளி இழுத்தான். உருகிய நைலான் அவன் உள்ளங்கையில் அப்பிக்கொண்டது. நைலான் தண்ணீர் மாதிரி வழிந்து போகாது. ஒட்டிக்கொண்டே எரியும்.

அவன் கத்தியது காரின் சத்தத்தைவிடப் பெரிதாகக் கேட்டது.

கையில் கட்டோடு வியாழக்கிழமை போனான். திருப்பி அனுப்பிவிட்டார்கள். கை ஆறும்வரை காத்திருக்க அங்கே யாருக்கும் அவசியமில்லை.

ஊர்க் கூட்டம் கூடியது. காரின் அடியில் தொங்கிய நூலை எல்லோரும் பார்த்துவிட்டார்கள். "யாரு கட்னது?" என்று கேட்டதும் நான் எழுந்து, "நான்தான்" என்றேன். பிறகு வலைக்காரனே சிரித்தான். கிழிந்த வலைக்குச் சொந்தக்காரன்!

"த்தோ பாரு, படிச்சவன் வேலய! சூட்டுல நூலு உருகும்னு எங்க ஊட்டு ஆயா சொல்லும். வாத்தியாருக்குத் தெர்ல. அது புஸ்தகத்துல இல்லபோல."

கூட்டம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். இத்தனை வருஷம் கழித்தும் என் வாழ்க்கையில் நான் அருவருப்பது அந்தச் சிரிப்பைத்தான். உருகுநிலை என்றால் என்ன என்று முப்பது வருஷம் கரும்பலகையில் எழுதியவன், தெரியாதவன் என்ற பட்டத்தைத் துண்டுபோல வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன். தீர்ப்பு என் மகன் மேல் விழுந்தது. "பெரியவரு தெரியாம கட்டிட்டாரு. ஓட்டறவன் குனிஞ்சு பாத்திருக்க வேணாமா? வண்டிய எறக்கி வெச்சதும் அவன்தானே?" புது வலை அவன்தான் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்றார்கள்.

நான் கம்பி போட்டதாகச் சொன்னேன் என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சொல்லிவிடுவானோ என்று நான் பயந்துகொண்டிருந்தேன். பெற்ற பிள்ளை வாயைத் திறந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

கை ஆறியது. இரண்டு விரல்கள் முழுதாக மடங்குவதில்லை. கார் பழைய இரும்புக்குப் போயிற்று. அவன் அனுப்பம்பட்டில் வாடகைக்கு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டான். அங்கேயிருந்து ரயிலில் மீஞ்சூருக்கு, ஒரு தொழிற்சாலையில் பெட்டி கட்டுகிற வேலைக்குப் போகிறான். ஊர்ப்பக்கம் வந்தால் இன்றைக்கும், "தம்பி, வல காயுது, தாண்டிப் போ" என்று யாராவது வாய் விடுவார்கள். வருவதும் குறைந்துபோயிற்று.

அவன் அம்மா இறந்த பிறகு, சென்ற மாதம் ஒரு மத்தியானம் அவன் வீட்டுக்குப் போனேன். சோறு போட்டான். இடது கையால் குழம்பு ஊற்றினான். அதைப் பார்த்ததும் சோற்றைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னேன்: "தெரியாமக் கட்டலடா. தெரிஞ்சுதான் கட்டினேன்."

கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தான். "தெரியும்" என்றான்.

"எப்படி?"

"பைப்பாண்ட இருந்த நூலுதான் உருகிப்போச்சு. மேல கொக்கில முடிச்சு அப்பிடியே இருந்துச்சு. நுனிய சுட்டு மணி வெச்சிருந்த. நெருப்பு வெச்சு உருக்கினவனுக்கு அது உருகும்னு தெரியாதா நைனா?"

"கூட்டத்துல ஏன் சொல்லல?"

அவனுக்குக் கோபம் வந்தது. அன்றைக்கு வந்திருக்க வேண்டிய கோபம். "இன்னா சொல்றது? எங்கப்பன் என் சோத்துல மண்ணப் போட்டான்னு ஊரக் கூட்டி நான் சொல்லணுமா? நீ சிரிச்சியே! அல்லாரும் சிரிக்கறாங்கன்னு நீயும் பல்லக் காட்டினியே! கைய வுடு, அது போச்சு. அந்தச் சிரிப்பு இன்னும் ராவுல கேக்குது எனக்கு." எழுந்து கை கழுவினான். முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னான்: "எங்கிட்ட வந்து இன்னாத்துக்குச் சொல்ற? எனக்குத்தான் தெரியுமே. ஊர்ல போய்ச் சொல்லு. வலைக்காரர்கிட்ட சொல்லு. அப்பறம் வா."

மறுநாள் காலையில் போனேன். வலைக்காரன் அதே இடத்தில், சாலை ஓரத்தில் வலையை விரித்துக் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று காத்திருக்காமல் சொன்னேன். நூல், தீக்குச்சி, 'கம்பி போட்டாச்சு' என்ற பொய், டீக்கடையில் போய் உட்கார்ந்தது, எல்லாம்.

அவன் ஊசியை வலையில் குத்தி நிறுத்தினான்.

"தெரியாதவன்னு நெனச்சுத்தான்யா அன்னிக்கு உன்ன சிரிச்சு வுட்டேன்" என்றான். "அந்தப் புள்ள, என் வலைக்குக் கைய குடுத்துச்சு. அதுகிட்ட புது வல வாங்கிக்கினேன் நான். நீ பாத்துக்கினே இருந்த."

பக்கத்தில் இருந்தவர்களில் ஒருவன் காறித் துப்பினான். என் மேல் அல்ல, பக்கத்து மண்ணில்.

எங்கள் ஊரில் வலை விரித்திருக்கும் இடத்துக்கு ஆள் வந்தால், வலைக்காரன் விளிம்பைத் தூக்கிப் பிடித்து வழி விடுவான். அது ஒரு மரியாதை. அவன் ஊசியை எடுத்துக்கொண்டு குனிந்துகொண்டான். விளிம்பைத் தொடவில்லை. நான் வலையைச் சுற்றி, முள்ளுக்குள் இறங்கி நடந்து போனேன். மகனுக்கு ஃபோன் செய்து, "சொல்லிட்டேன்" என்றேன்.

"அவரு இன்னா சொன்னாரு?"

"வலையைத் தூக்கல."

அந்தப் பக்கம் ரயில் வருகிற சத்தம் கேட்டது. "சரி" என்றான். "வண்டி வந்துடுச்சு" என்று வைத்துவிட்டான்.