முக்காட்டுக்குள் மறைத்த பயம்

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறு வருஷம், ஆடிக் காற்று எழும்பத் தொடங்கியிருந்த நாட்களில், நானும் என் கணவரும் சென்னைத் துறைமுகத்தில் பினாங்குக்குக் கப்பல் ஏறினோம். எங்களுக்குத் திருமணமாகி அப்போது ஒரு வருஷம்கூட நிறையவில்லை. மயிலாப்பூரில் கடற்கரையை ஒட்டிய எங்கள் தெருவிலிருந்து டிராம் ஏறிப் பாரிமுனைக்குப் போவதையே பெரிய பிரயாணமாக நினைத்து வந்தவள் நான். சாந்தோம் கோயில் மணியோசை காதில் விழாத ஓரிடத்தில் குடித்தனம் செய்யப் போகிறோம் என்பதே எனக்குப் பாதிப் பயமாக இருந்தது. மீதிப் பயத்தைக் கப்பல் தந்தது.

என் கணவர் பள்ளி உபாத்தியாயர். மலாய் நாட்டில் ஒரு ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் அவருக்கு வேலை கிடைத்திருந்தது. அளந்து பேசுகிறவர். கோயிலுக்குப் போனாலும் கடைக்குப் போனாலும் முன்னால் நடப்பார். நான் வருகிறேனா என்று திரும்பிப் பார்க்க மாட்டார். அக்காலத்து ஆண்கள் பலரும் அப்படித்தான் என்றாலும், என்மேல் இவருக்குப் பிரியம் உண்டா, அல்லது பெற்றோர் சொற்படி கட்டிக்கொண்ட கடமை மட்டும்தானா என்பது எனக்கு விளங்காமலே இருந்தது.

புறப்படுவதற்கு முன் அவர் செய்த ஒரு காரியத்தைச் சொல்லியாக வேண்டும். தோட்டத்தில் பலர் வீட்டுத் துணிகளும் ஒன்றாகவே சலவைக்குப் போகும், குறி இல்லாத துணி திரும்பி வராது என்று யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். உடனே புதிதாகத் தைத்திருந்த என் ரவிக்கைகளையும் தம் சட்டைகளையும் எங்கள் தெருச் சலவைக்காரரிடம் குறி போடக் கொடுத்தார். அந்நாளில் வீட்டுக்கு ஒரு குறி உண்டு. சேராங்கொட்டையை ஊசியால் குத்தி, அதன் கருஞ்சாற்றைத் தொட்டுத் துணியின் உட்புறம் கழுத்துப் பக்கத்தில் போடுவார்கள். துணி கிழிந்தாலும் குறி போகாது. எங்கள் வீட்டுக் குறி ஒரு சிலுவையும் அதன் இருபக்கமும் ஒவ்வொரு புள்ளியும். வேதக்கார வீடு, அதாவது கிறிஸ்தவ வீடு, என்பதற்குச் சிலுவை. தெருவில் வேதக்கார வீடுகள் பல இருந்தமையால் எங்களைப் பிரித்தறியப் புள்ளிகள்.

இதற்கிடையில் கப்பல் புறப்படும் நாள் முன்னதாக மாறிவிட்டதென்று தகவல் வந்தது. என் கணவர் ஓடிப்போய்த் துணிகளை வாங்கி வந்தார். "இன்னா வாத்தியாரே, குறி போட்ட எடத்துல இன்னும் சுண்ணாம்புகூட வெக்கல, தண்ணி காட்டல. அப்பிடியே வாரிக்கினு போறியே" என்று சலவைக்காரர் தடுத்தாராம். குறி விழுந்துவிட்டதல்லவா, அது போதும் என்று இவர் மூட்டையோடு வந்துவிட்டார். நானும் அவற்றை அப்படியே மடித்துப் பெட்டியில் வைத்தேன்.

நாங்கள் அறை இல்லாத, திறந்த மேல்தளத்துப் பிரயாணிகள். பலகைத் தளத்தில் பாய் விரித்து, பெட்டியை வேலியாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குடும்பமும் தனக்கென ஓரிடம் பிடித்துக்கொள்ளும். எங்களுக்கு அடுத்த பாயில் ஓர் அம்மாள் இருந்தார். திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவர். தியாகராய நகரில் அவர்கள் குடும்பத்துக்கு ஜவுளிக்கடை. பினாங்கில் வியாபாரம் செய்துவந்த கணவரிடம், நடை பழகிய பெண் குழந்தையுடன் போய்க்கொண்டிருந்தார். அந்தக் குழந்தை முதல் நாளே என்னிடம் ஒட்டிக்கொண்டது. என் மடியில்தான் சோறு, என் தோளில்தான் தூக்கம்.

கரை கண்ணுக்கு மறைந்தபின் என் பின்கழுத்தில் அரிப்புக் கண்டது. வேர்வை என்று நினைத்தேன். அடுத்த நாள் அது எரிச்சலாயிற்று. பிறகு விரலால் தடவியபோது நீர் கோத்த கொப்புளங்கள் தட்டுப்பட்டன. என் கழுத்தை நானே பார்க்க முடியாது. கணவரிடம் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்தார். "வேர்க்குரு" என்றார். சொல்லிக்கொண்டே என் முந்தானையை எடுத்துத் தலையோடு கழுத்தையும் சேர்த்துப் போர்த்திவிட்டார். அதுவரை பிறர் காண அவர் என்னைத் தொட்டதில்லை. அதிலிருந்தே அது வேர்க்குரு அல்லவென்று தெரிந்துகொண்டேன்.

என் அக்காளைப் பெரியம்மை கொண்டுபோயிற்று. அவளுக்கும் முதலில் கழுத்தில்தான் கண்டது. கப்பல் ஏறுமுன் எங்கள் இருவருக்கும் அம்மை குத்தித்தான் அனுப்பினார்கள் என்றாலும், குத்திக்கொண்டவர்களுக்கும் வந்த கதைகளை நான் கேட்டிருந்தேன். அன்று மாலை அவர் என் பக்கம் திரும்பாமல், கடலைப் பார்த்தபடியே தாழ்ந்த குரலில் சொன்னார்.

"இந்தா, பினாங்கு போய்ச் சேர்ற வரைக்கும் முக்காட்டை எடுக்காதே. டாக்டர் கண்ணுல பட்டா உன்னை மட்டும் ஒரு தீவுல இறக்கிடுவாங்க. என்னை உன்கூட வர விடமாட்டாங்க."

பினாங்குக்கு அருகே அப்படியொரு தீவு இருப்பது கப்பலில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தொற்று கண்டவர்களை அங்கே வைப்பார்கள். குணமானவர்கள் கரைக்கு வருவார்கள், மற்றவர்கள் வரமாட்டார்கள். கப்பலிலேயே உயிர் போனால் கடலில்தான் அடக்கம் என்றும் பேசிக்கொண்டார்கள். கோயில் கல்லறைத் தோட்டத்து மண்கூட எனக்கில்லையா என்று நினைத்துக்கொண்டேன். முக்காட்டை இறுக்கிக்கொண்டு ஜெபமாலையை உருட்டியபடி உட்கார்ந்திருந்தேன். பக்கத்துப் பாய் அம்மாள் என் நிலையை அறியாமல் வேடிக்கை பேசினார்.

"ஏன் தங்கச்சி, எந்நேரமும் முக்காடும் மாலையுமா இருக்கிய? பாத்தா, இந்தக் கப்பலை நீங்கதான் செபம் பண்ணி இழுத்துட்டுப் போறாப்பில இருக்கு."

நானும் சிரித்து வைத்தேன். ஆனால் மறைப்பது அதிக நேரம் இயலவில்லை. குழந்தை வழக்கம்போல என் தோளில் ஏறி, முக்காட்டுக்குள் கையை விட்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டது. கொப்புளமொன்று உடைந்து அதன் விரல்கள் நனைந்ததை உணர்ந்தேன். அந்த விரல்களை அது வாய்க்குக் கொண்டுபோயிற்று. என்னையறியாமல் அதன் கையைத் தட்டிவிட்டுக் குழந்தையைத் தள்ளிவிட்டேன். அது வீறிட்டது.

"பச்சப் புள்ளையப் போய்த் தள்ளுதியளே, அது என்ன பண்ணிச்சு ஒங்கள?" என்று அம்மாள் எழுந்து வந்தார்.

என் அக்காளின் முகம் கண்முன் நின்றது. முக்காட்டை நீக்கி, அவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். "புள்ளையைக் கூட்டிக்கினு போயிடுங்கக்கா. கையை நல்லாக் கழுவுங்க" என்றேன். அவர் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு, கண்ணை என் கழுத்திலிருந்து எடுக்காமலே பின்னால் நகர்ந்து போனார். சற்று நேரத்தில் செய்தி தளம் முழுவதும் பரவிற்று. ஒவ்வொரு பாயாகச் சுருட்டப்பட்டது. எங்களைச் சுற்றி வெறும் பலகை மட்டும் எஞ்சியது. எதற்காக இவளைத் திறந்த இடத்தில் வைத்திருக்கிறீர்கள் என்று யாரோ உரக்கக் கேட்டார்கள்.

என் கணவர் என்னிடம் ஒன்றுதான் கேட்டார்: "ஏன் காட்டினே?"

"அந்தக் குழந்தை என் கழுத்துல கையை வெச்சுடுச்சுங்க" என்றேன்.

கப்பலின் வைத்தியர் வெள்ளைக்காரர். எட்ட நின்று பார்த்தார். பிறகு கிட்டே வந்து, என் வாயில் கண்ணாடிக் குழாயை வைத்துச் சுரம் பார்த்தார். இங்கிலீஷில் நெடுநேரம் பேசினார். அவர் சொன்னதை எனக்குத் தமிழில் சொல்லவேண்டிய பொறுப்பு என் கணவருக்கே வந்து சேர்ந்தது. வைத்தியர் அத்தனை பேசியதற்கு இவர், "கொஞ்ச நாள் தனியா இருக்கணுமாம்" என்று மட்டும் சொன்னார். சொல்லாமல் விட்டதை அவர் முகத்திலிருந்து நான் படித்துக்கொண்டேன்.

கப்பலின் பின்கோடியில் இரும்புச் சுவர்களால் ஆன ஒரு சிறிய அறை. வட்டமாக ஒரு ஜன்னல். மாற்றிக்கொள்ள இரண்டு துணிகளை மட்டும் கொடுத்து என்னை உள்ளே விட்டார்கள். சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டுக் கதவைத் தட்டிவிட்டுப் போவார்கள். அறைக்கு வெளியே சற்றுத் தூரத்தில் ஒரு கயிறு கட்டியிருந்தது. அதைத் தாண்டி யாரும் வரக்கூடாது. அந்தக் கயிற்றுக்கு அப்பாலிருந்து அடிக்கடி ஓர் இருமல் கேட்கும். என் கணவருக்கு இருமல் நோய் கிடையாது. நான் இங்கேதான் நிற்கிறேன் என்பதை அவர் அப்படிச் சொன்னார். நானும் உள்ளிருந்து ஒருமுறை இருமுவேன். எங்கள் பேச்சு அவ்வளவுதான்.

உடுத்தியிருந்த ரவிக்கையைக் களைந்து வேறொன்றை மாற்றிக்கொண்டேன். எரிச்சல் தணியவில்லை, கழுத்திலிருந்து தோள்பட்டைக்கு இறங்கியது. நோய் பரவுகிறது என்றே நிச்சயம் செய்துகொண்டேன். சுரம் இன்னும் வரவில்லை. வரப்போகிறது என்று நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். ஜன்னலில் ஏதேனும் ஒரு தீவு தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தில் அந்தப் பக்கம் பார்க்கவும் மாட்டேன்.

பிறகு ஒரு காலையில் இருமல் கேட்கவில்லை. நான் இருமினேன், பதில் இல்லை. மறுபடி இருமினேன். அலையும் இயந்திரமும் மட்டுமே பதில் சொல்லின. தீவைவிட, கடலைவிட, அந்த மௌனம் என்னைப் பயமுறுத்தியது. வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. முகத்தைத் துண்டால் சுற்றியிருந்த ஒருவரை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார்கள். என் கணவர்தாம்.

"உங்களுக்கும் வந்துடுச்சா? என்னாலதானா?" என்று கேட்டேன்.

அவர் துண்டை மெல்ல எடுத்தார். வலது கன்னம் சிவந்து தடித்திருந்தது. அதன்மேல் சிறு கொப்புளங்கள். என் அக்காளுக்கு வந்ததுபோல அவை சிதறிக் கிடக்கவில்லை. நேராக ஒரு கோடு. அதை வெட்டிக் குறுக்கே ஒரு கோடு. இரண்டு பக்கமும் ஒவ்வொரு புள்ளி.

மயிலாப்பூரில் வாரந்தோறும் சலவைத் துணி எண்ணி வாங்கிய பெண்ணுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. களைந்து போட்டிருந்த ரவிக்கையை எடுத்து, கழுத்துப் பக்கத்தைப் புரட்டி, அவர் கன்னத்தருகே பிடித்தேன். அதே சிலுவை, அதே புள்ளிகள். என் கழுத்தில் வேர்வையும் அசைவும் சேர்ந்து குறியை உருத்தெரியாமல் கலைத்துவிட்டிருந்தன. அவரோ வேர்வைக்காகச் சட்டைக் கழுத்தில் எப்போதும் கைக்குட்டையை மடித்து வைக்கும் வழக்கமுடையவர். ஆகையால் அவர் கழுத்துத் தப்பித்தது. சுண்ணாம்பு வைத்து அலசாவிட்டால் தோலைப் பொசுக்கிவிடும் சேராங்கொட்டைச் சாறுதான் எங்களைச் சுட்டிருக்கிறது என்று எனக்குப் புரிந்துபோயிற்று.

"கழுத்துல வந்தா சரி. உங்களுக்கு இது கன்னத்துல எப்படிங்க வந்துச்சு?" என்று கேட்டேன்.

அவர் ஜன்னலைப் பார்த்தார். "படுக்கத் தலையணை இல்ல. பெட்டியிலேருந்து உன் ரவிக்கை ஒண்ணை எடுத்து மடிச்சு வெச்சுக்கிட்டேன்" என்றார்.

தலையணை எங்கள் படுக்கை மூட்டைக்குள்ளேயே இருந்தது. நானே உறை மாற்றிக் கட்டி வைத்தது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

கதவைத் தட்டி வைத்தியரை வரவழைத்தோம். அவர் ரவிக்கையையும் கன்னத்தையும் மாறி மாறிப் பார்த்தார். யுத்த காலத்தில் இந்தியாவிலிருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கும் சலவைக் குறியால் கழுத்து வெந்ததைத் தாம் பார்த்ததுண்டு என்று பிறகு நினைவுகூர்ந்தார். ஆயினும் விடுதலை செய்யும் அதிகாரம் தமக்கில்லை, பினாங்குத் துறைமுக வைத்தியரே தீர்மானிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். தொற்றுநோய்ச் சந்தேகம் உண்டென்பதற்கு அடையாளமாகக் கப்பலில் மஞ்சள் கொடி ஏறிற்று. எங்கள் பயம் பாதிதான் தீர்ந்தது. துறைமுக வைத்தியர் படகில் வந்து ஏறி, கண்ணாடி வைத்துப் பார்த்து, கடைசியில் வாய்விட்டுச் சிரிக்கும் வரையில் நாங்கள் இருவரும் அந்த இரும்பு அறையில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தோம். அத்தனை நெருக்கமாக அதற்குமுன் நாங்கள் உட்கார்ந்ததில்லை.

இறங்கும்போது, பக்கத்துப் பாய் அம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, குழந்தையை என் கையில் கொடுத்தார். "அம்மையாட்டும், வண்ணான் குறியாட்டும், அது கெடக்கட்டும். மறைச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது. சொன்னிய பாருங்க, தங்கச்சி" என்றார். குழந்தை மீண்டும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டது. எரிச்சல் தாங்க முடியவில்லை; ஆயினும் கையை விலக்கவில்லை.

கரையில் என் கணவர் வழக்கம்போல முன்னால் நடந்தார். சற்றுத் தூரம் போனதும் நின்று, திரும்பாமல் ஒருமுறை இருமினார். நான் பின்னாலிருந்து இருமினேன். அவர் மறுபடி நடந்தார்.

அவர் கன்னத்துக் குறி சில வாரங்கள் கறுத்துக் கிடந்து மறைந்துவிட்டது. தோட்டத்தில் யாரேனும் அதைப்பற்றிக் கேட்டால் வேர்க்குரு என்று சொல்லிவிடுவார். பல்லாண்டுகள் அங்கே வாழ்ந்து, மயிலாப்பூருக்கே திரும்பி வந்து, அவரைக் கோயில் தோட்டத்து மண்ணில் கிடத்தியும் ஆயிற்று. பிரியமாக ஒரு வார்த்தை அவர் கடைசிவரை என்னிடம் சொன்னதில்லை. அந்தக் கப்பலுக்குப் பிறகு, அவர் சொல்லவேண்டுமென்று நான் எதிர்பார்த்ததும் இல்லை.