பின்னால் போகாத காலை

கணவர் போன பிறகு எனக்கு என் மகள் ஒருத்திதான். மாநிலச் சைக்கிள் பந்தயத்துக்காக அவள் தனுஷ்கோடிச் சாலையில் பயிற்சி செய்யும்போதெல்லாம், ஸ்கூட்டரில் அவள் பின்னாலேயே ஒட்டிப் போவேன்.

மிதிக்கும் விசையைக் காட்டும் கருவி ஒன்றைப் பயிற்சியாளர் சைக்கிளில் பொருத்தியிருந்தார். எப்படிக் குனிந்தால் காற்று குறைவாகத் தடுக்கும் என்பதை அதை வைத்து அவள் கணக்கிட வேண்டும். காற்று அடங்கிய ஒரு விடியலில், மிதியில் கால் வைக்காமல் கருவியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தாள். ஒருமுறை போய்த் திரும்பினாள். கணக்கு நம்ப முடியாத அளவுக்கு நன்றாக வந்தது.

"எம்மா, பின்னால வண்டி ஒட்டி வந்தாலும் முன்னால போறவள இழுக்குற காத்து லேசாயிடும். அளவு பூரா பொய்யி. நீ இங்கனயே நில்லு."

"ஆளில்லாத ரோட்டுல தனியாவா? விழுந்தா யாருடி தூக்குவா?"

"நானே எந்திரிச்சு வாரேன்மா."

என்ஜினை அணைத்தேன். இருபுறமும் கடல். அவள் சிறு புள்ளியாகி மறைந்தாள். விழுந்திருப்பாளோ என்று நூறு தடவை சாவியைத் திருகப் போனேன், திருகவில்லை.

மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள். முன்னதைவிட மோசமான கணக்கு. "இதுதாம்மா நெசம்" என்று சிரித்தாள்.

இப்போது அவள் வெளியூர்ப் பயிற்சி முகாமில் இருக்கிறாள். விடிந்ததும் போனை எடுக்கிறேன். அவள் ஓட்டும் நேரமாயிற்றே என்று திரும்ப வைத்துவிடுகிறேன்.