இடப்பக்கச் சக்கரத்தின் ஆறாவது நட்டு

ஆடி பிறந்ததும் குற்றாலத்தில் சாரல் கட்டிவிட்டது என்று நண்பரிடமிருந்து கார்டு வந்தது. ஆபீசில் நான்கு நாள் லீவு வாங்கிக்கொண்டு சென்னையில் ரயிலேறினேன். தென்காசிக்கே நேராக ரயில் உண்டு. நான்தான் திருநெல்வேலியில் ஒரு காரியத்தை முடித்துக்கொண்டு பஸ்ஸில் போகலாம் என்று புத்திசாலித்தனம் பண்ணினேன். காத்திருப்பது என்றால் எனக்கு வேப்பங்காய். காபி ஆறுவதற்குள் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்கிற ஆள்.

திருநெல்வேலியிலிருந்து தென்காசி முப்பத்து மூன்று மைல். யுத்தத்தால் பெட்ரோல் கிடையாது, பஸ்கள் கரியில் ஓடுகின்றன. பின்புறம் ஆளுயர இரும்பு உருளை, அதற்குள் கரி நெருப்பு, அதிலிருந்து வரும் வாயுவில் என்ஜின் ஓடுகிறது. ஏற்றம் வந்தால் நாம் இறங்கித் தள்ள வேண்டும். பதினொன்றரைக்குக் கிளம்பி ஆலங்குளம் சேரும்போது மணி ஒன்றரை.

அங்கே பேச்சியம்மாள் என்ற பெண், இடுப்பில் குழந்தையும் கையில் ஓலைப்பெட்டியுமாக ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும், "மணி என்னய்யா ஆவுது?" என்றாள். பட்டாளத்தில் இருக்கும் அவள் புருஷர் கொல்லத்திலிருந்து வடக்கே மாற்றலாகிப் போகிறாராம். நாலேகாலுக்குத் தென்காசியில் அவர் போகிற ரயில் பத்து நிமிஷம் நிற்கும், அதற்குள் அவரைப் பார்த்துவிட வேண்டுமாம்.

"புள்ள பொறந்து ஒன்றரை வருசமாச்சு. அவுக இன்னும் மொகத்தப் பாக்கலய்யா" என்றாள்.

"மூணு மணிக்கே போய்ச் சேர்ந்துவிடலாம், கவலைப்படாதே" என்றேன், பஸ் ஏதோ எனக்குச் சொந்தம் மாதிரி.

ஒன்று ஐம்பதுக்கு இடப்பக்கப் பின்சக்கரம் பஞ்சராயிற்று. தென்காசிக்கு இன்னும் பதினோரு மைல். டிரைவர் சுடலைமுத்து பதறாமல் ஜாக்கி போட்டு ஐந்து நட்டுகளைக் கழற்றினார். ஆறாவது துருப்பிடித்து அசையவில்லை. அதன்மேல் சீமெண்ணெய் விட்டார்.

"பத்து நிமிசம் ஊறட்டும். யாரும் தொடாதிய" என்று சொல்லிவிட்டுக் கரி நெருப்பைக் கிளறிவிடப் போனார்.

பத்து நிமிஷமாம்! நான் கடிகாரத்தைப் பார்த்தேன், பேச்சியம்மாளைப் பார்த்தேன். நான்கு நிமிஷம்கூடப் பொறுக்கவில்லை. ஸ்பேனரை நட்டில் மாட்டி அதன் பிடிமேல் ஏறி நின்று ஒரு மிதி மிதித்தேன். நட்டு நகர்ந்தது. "பார்த்தீரா!" என்று கத்திக்கொண்டே இன்னும் இரண்டு மிதி. ஸ்பேனர் வழுக்கி நான் ரோட்டில் விழுந்தேன். நட்டின் முனைகள் மழுங்கி உருண்டையாகிவிட்டன.

ஓடிவந்த சுடலைமுத்து தலையில் கைவைத்துக்கொண்டார். "என்னய்யா இப்படிப் பண்ணிட்டிய! இது இடப்பக்கச் சக்கரம்லா, மரை எதிர்ப்பக்கம்லா போவும்! கழத்துறதுக்குப் பதிலா இன்னும் முறுக்கிலா வச்சிருக்கிய! அஞ்சையும் நான் எந்தப் பக்கம் திருகுனேன்னு பாத்துக்கிட்டுத்தான நின்னிய?"

நான் பார்த்தது கடிகாரத்தை.

"அண்ணாச்சி, நடந்தே போயிரட்டா?" என்றாள் பேச்சியம்மாள்.

"புள்ளையத் தூக்கிக்கிட்டு பதினோரு மைலு எங்கன நடப்ப? இரும்மா, கழத்திருதேன்."

கழற்றினார். டயரைச் சுற்றி ஈரச் சாக்கைப் போர்த்தி, உருளையிலிருந்து கனன்ற கரியை மண்வெட்டியில் அள்ளி நட்டோடு அணைத்துப் பிடித்தார். நட்டு நன்றாகச் சூடேறியதும் விளிம்பில் உளியை வைத்து, கழலும் பக்கமாகவே சுத்தியலால் தட்டினார். மூன்று இருபதுக்கு நட்டு கையோடு வந்தது. ஆனால் கரியை எடுத்ததில் உருளையில் நெருப்பு அவிந்துபோயிற்று. வேறு சக்கரம் மாட்டி, நெருப்பை மறுபடி மூட்டி என்ஜின் பிடிக்கும்போது மணி நான்கு. அவள் அப்புறம் மணி கேட்கவே இல்லை.

இந்த வழி வருகிறவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மனசு வராது. அவசரமிருந்தால் கரி பஸ்ஸை நம்பாதீர்கள். தென்காசியிலிருந்து குற்றாலம் மூன்று மைல், குதிரை வண்டி கிடைக்கும். துண்டு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், சாரலில் எதுவும் காயாது. சக்கரம் கழற்றும்போது டிரைவர் தொடாதே என்றால் தொடாதீர்கள். மறுநாள் நானும் அருவியில் நின்றேன். எல்லாரும் ஆனந்தமாகக் கூச்சல் போட்டார்கள். எனக்கு ஐந்து நிமிஷம்கூட நிற்க முடியவில்லை.

தென்காசி ஸ்டேஷனை அடைந்தபோது மணி ஐந்து. அன்றைக்கென்று ரயில் சரியான நேரத்துக்கு வந்து போய்விட்டிருந்தது. பேச்சியம்மாள் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். குழந்தை அவள் தோளில் தூங்கிவிட்டது. நான் பக்கத்திலும் போக முடியாமல், கிளம்பவும் முடியாமல் பிளாட்பாரத்தில் மேலும் கீழும் நடந்தேன். கடைசியில் அவளே கூப்பிட்டாள்.

"அவுகளுக்கு ஒரு கடுதாசி எழுதித் தாங்கய்யா. பஸ்ஸு சக்கரம் கழறல, அதான் வர முடியல. யாரு மேலயும் குத்தமில்லன்னு எழுதுங்க."

கடைசி வரியை மட்டும் அவள் சொன்னபடி நான் எழுதவில்லை. 'பஸ்ஸில் இருந்த அவசரக்காரன் ஒருவன் நட்டை முறுக்கிக் கெடுத்துவிட்டான். அவன்தான் இதை எழுதுகிறான்' என்று எழுதி, அதை அவளுக்கு அப்படியே வாசித்துக் காட்டினேன்.

அவள் குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"அப்படியே இருக்கட்டும்" என்றாள். "கீழ ஒங்க விலாசத்தையும் போடுங்க. அவுக திரும்பி வந்ததும் ஒங்கள நேர்ல வந்து கேக்கட்டும்."

தெரு, கதவு எண் எல்லாம் திருத்தமாகப் போட்டேன். அவர் திரும்பி வந்து கேட்க வேண்டும்.