நாற்பத்தேழாம் எண்

கண்ட்ரோல் ரூம் திரையின் இடப்பக்கத்தில் ஒரு பட்டியல் இருக்கும். நெடுஞ்சாலையில் சுற்றும் எங்கள் ஆட்களில் யார் வாக்கிடாக்கியை ஆன் செய்தாலும் அது டவரைப் பிடித்துத் தன் எண்ணைச் சொல்லிவிடும்; எண் பட்டியலில் பச்சையாக ஏறும். பேசக்கூட வேண்டியதில்லை. ஒரு நாள் காலை ஆறு மணிக்கு நாற்பத்தேழு பச்சையானது. அந்த எண்ணுக்குரிய ரோந்து வண்டி டிரைவர், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், இறந்து பதினெட்டு நாள் ஆகியிருந்தது.

அண்ணனை நான் நேரில் பார்த்தது நாலைந்து முறைதான். ஆறு வருஷமாக என் காதில் இருந்தது அவர் குரல். எங்கள் ரேடியோவில் ஆளுக்கொரு அலைவரிசை கிடையாது. இருக்கிற நாலைந்தை சிஸ்டமே அவ்வப்போது பங்கு போட்டுக் கொடுக்கும். பொத்தானை அமுக்கி, பீப் சத்தம் வந்த பிறகுதான் பேச வேண்டும். முந்தினால் முதல் வார்த்தை காற்றோடு போய்விடும். புதிதாக வருகிறவர்கள் எல்லாம் அவசரக்குடுக்கைகள். அண்ணன் மட்டும் பீப் வந்தும் ஒரு மூச்சு விட்டுத்தான் பேசுவார். டூட்டி முடியும்போது எல்லோரும் கேட்கும் குரூப்பை விட்டு எனக்கு மட்டும் தனி அழைப்பு போடுவார். "சாப்ட்டியாம்மா? செரி, நான் கெளம்பறேன்." அவ்வளவுதான், அதுவே விதிக்கு விரோதம். தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒற்றை அறையில் தனியாக இருக்கிறேன். நாளெல்லாம் பேசுகிறேன், எல்லாம் கிரேன், டீசல், கிலோமீட்டர் கல். சாப்பிட்டாயா என்று கேட்டவர் அவர் ஒருவர்தான்.

பக்கத்தில் இண்டூரில் வீட்டிலேயே மாரடைப்பில் போய்விட்டார். அவருடைய வாக்கிடாக்கி செட் அங்கே சார்ஜரில் இருந்தது; வண்டியில் இருக்கும் என்று ஸ்டோரில் நினைத்துக்கொண்டார்கள். பச்சை ஏறிய அன்றே நான் மேலதிகாரியிடம் சொல்லியிருக்க வேண்டும். கைமாறிய செட்டை இங்கிருந்தே ஒரு கட்டளை அனுப்பி முடக்குவதுதான் முறை. நான் சொல்லவில்லை. தினமும் ஆறு மணிக்கு ஏறும். நான் வண்டிகளை எண் சொல்லிக் கூப்பிட்டு ஆஜர் எடுப்பேன். என் ஷிப்ட் முடிந்ததும் இறங்கிவிடும். நான் லீவு போட்ட ஒரு நாளின் பதிவை எடுத்துப் பார்த்தேன். அன்று ஐந்தே நிமிடத்தில் இறங்கியிருந்தது. என் குரலுக்காக யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்தபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது.

ஒரு மதியம் நாற்பத்தேழு சிவப்பானது. செட்டின் தலையில் இருக்கும் ஆரஞ்சு பொத்தானை அமுக்கினால் அப்படித்தான். ஆபத்து என்று பொருள், மற்ற எல்லோரையும் நிறுத்தி சிஸ்டம் அதற்கு வழிவிடும். அதே நேரம் கணவாய் இறக்கத்தில் ஒரு லாரி கவிழ்ந்துகிடந்தது. ஆம்புலன்ஸ் கேட்டு எங்கள் ஆள் அமுக்க அமுக்க, பிஸி சத்தம்தான் வந்திருக்கிறது. நான் சிவப்பை ரத்து செய்வதற்குள் இரண்டு நிமிடம் போயிற்று. லாரி டிரைவர் பிழைத்துக்கொண்டார், என் நல்ல காலம்.

நாற்பத்தேழுக்குத் தனி அழைப்பு போட்டேன். முதல் வார்த்தை இல்லாமல் ஒரு பெண் குரல் வந்தது. அண்ணி.

"பீப் வந்தப்பறம் பேசுங்க அண்ணி."

"தொடைக்கறப்ப கை பட்டுருச்சு சாமி. அவரு போனதுலருந்து வூட்ல ஒரு சத்தம் இல்ல. நீ கூப்புடறத கேட்டுக்கிட்டேதான் சோறாக்குவேன். நாப்பத்தேழ மட்டும் நீ கூப்புடறதே இல்லியே."

அழைப்பை முடித்தேன். மேலதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டினார், தகும். மறுநாள் காலை முடக்கிவிட உத்தரவு.

மறுநாள் ஆஜர் எடுக்கும்போது நாற்பத்தாறுக்கு அப்புறம் "நாற்பத்தேழு" என்றேன். பீப் வந்தது. ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து, முழுசாக வந்தது பதில். "இருக்கறேன் சாமி."

மீதி எண்களைக் கூப்பிட்டு முடித்துவிட்டுக் கட்டளையை அனுப்பினேன். பச்சை போயிற்று. பிறகு ஸ்டோர்காரர் போய் செட்டை வாங்கி வந்தார். அதற்கு அண்ணி துணியில் ஒரு உறை தைத்துப் போட்டிருந்தார்.

இண்டூருக்கு அடிக்கடி பஸ் இருக்கிறது. போய் என்ன சொல்வது, செட்டை அணைத்த கை இதுதான் என்றா? இன்னும் போகவில்லை. இப்போதும் காலை ஆறு மணிக்குப் பட்டியல் பச்சையாக ஏறுகிறது. நாற்பத்தாறைக் கூப்பிட்டு, ஒரு மூச்சு விட்டு, நாற்பத்தெட்டுக்குப் போகிறேன்.