இரண்டாவது எண்

மட்டாஞ்சேரி மிருக ஆஸ்பத்திரியில்தான் அந்தப் பெரியவரைப் பார்த்தேன். ஒட்ட வெட்டிய நரைமுடி, கசங்கிய வேட்டி. மடியிலிருந்த நாய்க்குட்டியின் உதட்டை அடிக்கடி தூக்கிப் பார்த்தார். விழாத பால்பல்லை ஒட்டிப் புதுப்பல் முளைத்திருந்தது. மயக்கம் கொடுத்து, ஈறைக் கீறி எடுக்க வேண்டுமாம்.

படிவத்தில் இன்னொருவர் போன் எண்ணும் கேட்டார்கள்.

"தம்பி, ஒங்க நம்பர் எழுதிக்கட்டா? எனக்கு வேற ஆளில்லை. விளிச்சா எடுத்தாப் போதும்."

கூச்சத்தோடு எண்ணைச் சொன்னேன்.

"அப்பு முழிச்சிடுவான் இல்லே?" என்று குட்டியைத் தடவினார்.

"முழிச்சிடுவான்" என்றேன். என் பூனைக்கு ஊசி போட்டதும் கிளம்பிவிட்டேன்.

மறுவாரம், அப்புவின் ஈறைக் காட்ட வரச் சொல்லி எனக்கும் செய்தி வந்தது. தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

போன மாதம் என் பூனைக்கும் பல் எடுக்க வேண்டிவந்தது. அதே படிவம். இரண்டாவது எண்ணுக்கான இடத்தில் எதுவும் எழுத முடியவில்லை. அன்று அவர் எண்ணை நானும் கேட்டு வாங்கியிருக்கலாம்.