தறியில் தொங்கிய பீரங்கிக் குண்டு

பயணக் குறிப்பு எண் 11
ஆரணி, 25-2-1979, ஞாயிறு, மாலை மணி 4.30

அன்புள்ள வாசகர்களுக்கு,

உலகப் போரின்போது பட்டாளத்தார் பீரங்கிகளைச் சுட்டுச் சோதித்த பொட்டல் ஒன்று தேவிகாபுரத்துக்கு அப்பால் இருப்பதாக நெடுநாளாகக் கேள்விப்பட்டிருந்தேன். 18-ஆம் தேதி ஞாயிறன்று அதைக் கண்டேவிட்டேன்! ('போன வாரம்' என்று பொத்தாம்பொதுவாக எழுதுவது எனக்கு ஒவ்வாது.)

ஆரணியிலிருந்து 6.10-க்குப் புறப்பட வேண்டிய பேருந்து 6.22-க்குப் புறப்பட்டது. கட்டணம் ஒரு ரூபாய் இருபது காசு. தேவிகாபுரத்தில் இறங்கி மூன்றரை மைல் நடந்தேன். முதலில் தென்பட்டது காரைச் சுவர் காவல் கூண்டு. அதன் பிளவு வழியே பார்த்தால் எதிர்க்குன்றின் முகமெல்லாம் அம்மைத் தழும்பு போலக் குழிகள். அடிவாரத்தில் துளைபட்ட இரும்புத் தகடு. அறுபத்தெட்டு வயதில் துள்ளிக் குதிக்கலாகாது. குதித்தேன்.

"பெரியவரே, அங்க கால் வெக்காதீங்க!"

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முனியம்மாள் என்ற பெண்மணி. நான் இறங்கவிருந்த இடத்தில் கற்களை வட்டமாக அடுக்கி, நடுவே முள் போட்டிருந்தது.

"குண்டுல மூக்கு உடைஞ்சது வெறும் இரும்பு. மூக்கோட கீறது இன்னும் வெடிக்காதது. அதுக்கு முள்ளு போட்டு, சுத்திகினு போவோம். ஆரணி தறிக்காரரு ஏகாம்பரம் மட்டும் சொல்லச் சொல்லக் கேக்காம ஒன்னத் தூக்கிகினு பூட்டாரு. மூக்கோட!"

குன்றின் மறுபக்கத்தைப் பாராமலே திரும்பினேன். பிற்பகல் 1.05-க்கு ஏகாம்பரத்தின் வீட்டில் நின்றேன். பாவு, அதாவது தறியில் நீளவாட்டில் இழுத்துக் கட்டிய நூல், தளராமலிருக்கத் தறியின் பின்னே கல்லைக் கட்டித் தொங்கவிடுவது வழக்கம். இவர் தறியில் தொங்கியது குண்டு. பித்தளை மூக்கு முழுதாக இருந்தது.

"வெளியே வாருங்கள். இது வெடிக்காத குண்டு" என்றேன்.

"போங்க சார். இதுல வளையம் மாட்ட எத்தினி வாட்டி சுத்தியால அடிச்சிகீறேன் தெரியுமா? அப்பவே வெடிக்கல. நாளைக்கு முகூர்த்தப் புடவை குடுக்கணும், இன்னும் ரெண்டு முழம் கீது."

உள்ளேயிருந்து அவர் மனைவி வந்தார். "இன்னாது, சுத்தியாலயா? நான் பக்கத்துலதான தெனம் நூல் சுத்திகினு கீறேன்! புடவையக் கட்டிக்கப் போறவளுக்குக் கல்யாணம், எனக்குக் கருமாதியா? எழுந்து வாய்யா!"

குண்டுக்கு அசையாதவர் அந்தக் குரலுக்கு எழுந்தார். யாரும் அதைத் தொடவில்லை. தெருவையே காலி செய்துவிட்டுக் காவல் நிலையத்தில் சொன்னோம். 21-ஆம் தேதி புதன்கிழமை பட்டாளத்து நிபுணர்கள் வந்து எடுத்துச்சென்று, ஊருக்கு வெளியே கல்குவாரியில் வெடிக்கவைத்தார்கள். காலை 10.47. ஜன்னல்கள் அதிர்ந்தன. ஏகாம்பரம் அப்போதுதான் நம்பினார்.

குண்டுக்குப் பதிலாக அம்மிக்குழவியைக் கட்டி மீதி இரண்டு முழத்தையும் நெய்தார். முகூர்த்தம் வெள்ளிக்கிழமை என்பதால் புடவை தப்பியது.

போகிறவர்கள் தண்ணீர் கொண்டுசெல்லவும். வழியில் கடை இல்லை. ஒற்றையடிப் பாதையை விட்டு விலக வேண்டாம். முள் போட்ட இடத்தை முனியம்மாள் சொன்னபடி சுற்றிச் செல்லவும். இரும்பு எதையும் தொட வேண்டாம், மூக்கு உடைந்திருந்தாலும்.

இணைப்பு:
1. கையால் வரைந்த வழிப்படம்.
2. பேருந்துச் சீட்டுகள் இரண்டு.
3. அந்தப் பாவின் பட்டு இழை ஒன்று. ஏகாம்பரத்தின் மனைவி கொடுத்தது.