அக்காவின் அறையில் எத்தனை லக்ஸ்

வெளிச்சம் அளப்பது என் தொழில். ஒஸ்லோவில் பள்ளிக்கூடம், அலுவலகம் என்று போய், மேசைமேல் வெளிச்சத்தை லக்ஸ் அலகில் காட்டும் மீட்டரை வைத்து, போதும், போதாது என்று சொல்வேன். இதற்குச் சம்பளமும் தருகிறார்கள்.

படிக்கும்போது ஒரு ஜெர்மன் மின்பொறியாளரைப் பற்றிச் சொன்னார்கள். பெரிய மின் இயந்திரங்களோடு மல்லுக்கட்டியவர், ஒரு சின்னத் திரிவிளக்கும் செய்தார். அதன் சுடர் நாற்பது மில்லிமீட்டர் உயரம் நின்றால், அந்தக் காலத்தில் அதுதான் வெளிச்சத்தின் அலகு. இன்னொரு விளக்கை அளக்க, இரண்டையும் ஒரே அறையில் வைத்துக் கண்ணால் ஒப்பிட வேண்டும். பாவம் மனுஷன் என்று சிரித்தேன்.

மன்னாரில் என் அக்கா, பிள்ளைகள் முதல்முறை நற்கருணை வாங்கும் நாளில் போடும் முதல்நன்மை உடுப்புத் தைப்பவள். என் மகளுக்கும் அவள்தான் தைப்பதாக இருந்தது. ஞாயிறு பூசை முடிந்து ஒஸ்லோவில் குரோருட்டில் இருக்கும் வீட்டுக்கு வந்ததும் அவளோடு வீடியோவில் கதைப்பேன். அங்கே அப்போது பொழுது பட்டிருக்கும்.

ஒருநாள் கேட்டாள்: “தம்பி, இஞ்சை இருட்டா இருக்கோ? ஊசியிலை நூல் கோக்க ஏலாமக் கிடக்கு.”

திரையைப் பார்த்தேன். அவள் முகம், மாதா படம், தையல் மெசின், எல்லாம் பளிச்சென்று தெரிந்தன.

“நல்ல வெளிச்சம்தானே அக்கா.”

“அப்ப என்ரை கண்தான் போட்டுது.”

கண் டாக்டர் பெரிய குறை இல்லை என்றாராம். அக்கா நம்பவில்லை. “அவருக்கு என்ன தெரியும்? வெளிச்சம் படிச்ச என்ரை தம்பியே சொல்லிப்போட்டான்.” அதோடு தையலை விட்டுவிட்டாள். மகள் ஒஸ்லோவுக்குப் பக்கத்து ஸ்ட்ரோம்மனில் ஒரு கடையில் வாங்கிய உடுப்போடு, முதல்நன்மைப் பூசை முழுக்கக் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தாள்.

அடுத்த வருடம் ஊருக்குப் போனேன். பொழுது பட்டதும் அக்காவின் அறை வாசலில் அப்படியே நின்றுவிட்டேன். கதிரை எங்கே என்றே தெரியவில்லை. பழைய பல்ப் எரிந்துபோனதும், கடையில் கிடைத்த சின்னதொன்றை மாட்டியிருக்கிறாள். மீட்டரை வைத்துப் பார்த்தேன். சாமான் அறைக்கே போதாது. போனைத் தூக்கிப் பிடித்தேன். திரையில் அதே அறை திருவிழா மாதிரி இருந்தது. போன் இருட்டைத் தானாகவே வெளிச்சமாக்கிக் காட்டும். இதை நான் ஊருக்கெல்லாம் விளக்கிச் சொல்பவன். என்மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

ஓடிப்போய் நல்ல பல்ப் வாங்கி வந்து மாட்டினேன். அக்கா ஊசியை எடுத்தாள். முதல் தரமே நூல் ஊசிக்குள் போய்விட்டது.

“கண் இருக்குதடா!” என்று சிரித்தாள். பிறகு மெசின் முன்பு நின்ற வெறும் மூலையைப் பார்த்தாள்.

“மெசினைக் கோயிலடியிலை இருந்த பிள்ளைக்குக் குடுத்திட்டன். அவள் அதையும் கொண்டு கொழும்புக்குப் போயிட்டாள்.”

அவள் நூலை உருவி எடுத்துவிட்டு, திரும்பவும் கோத்தாள்.